உட்லண்ட்ஸில் ஒரு சின்னக் குளிர்காலம்

சொறிமீன் குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொள்ள சிங்கப்பூர் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் சிலுவை சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஏட்டி, கடல்ல கெடக்கது பத்தாதா? இதுக்கு ப்ளேன் ஏறிப் போயி வேற படிக்கணுமாக்கும்?" என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. தூத்துக்குடியில் படகு வைத்திருப்பவர். மீனுக்கு விரித்த வலையில் சொறி நிறைந்து, இழுக்க முடியாமல் வலையை அறுத்துவிட்டுக் கரை வந்த நாட்கள் அவருக்கு உண்டு. வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. அது சொறி தந்த பரிசு. ஜெல்லி மீன் என்று தொலைக்காட்சியில் நீல வெளிச்சத்தில் அழகு காட்டுகிறார்களே, அதைத்தான் நாங்கள் சொறி என்போம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கூடாது.

நானோ அதை வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவள். ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் ஆய்வகப் பொறுப்பாளர். நான்கு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு தனியார் மீன் காட்சியகத்தை மூடியபோது, கொட்டிவிடப் போகிறோம் என்று சொன்ன ஒரு பாட்டிலை நான் மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். அதில் இருந்தவை நிலா ஜெல்லி என்ற சொறி இனத்தின் பாலிப்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சொறி நேராகச் சொறியாகப் பிறப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் பொடிப் புழு பாறையிலோ சிப்பியிலோ ஒட்டிக்கொண்டு, கடுகளவு பூவாக விரிந்து நிற்கும். அதுதான் பாலிப். வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். பக்கத்தில் தன்னைப் போலவே இன்னொன்றை முளைக்க விடும். நேரம் வரும்போது மட்டும் தன் உடம்பையே தட்டுத் தட்டாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டையும் ஒரு குஞ்சாக நீந்த அனுப்பும். அந்த நேரம் எனக்கு மட்டும் வரவே இல்லை. ஒரு பாட்டில் பதினாலு ஜாடியாகப் பெருகியது. ஏசி இருபது டிகிரி, ஒரு நாளும் கூடாமல் குறையாமல், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்து, தொட்டில் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். ஒரு குஞ்சு கிடையாது.

"ஜெசிந்தா, லீவு முடிஞ்சு காலேஜ் திறக்கறதுக்குள்ள ஒண்ணாவது நீந்தணும். இல்லன்னா அந்த ரூமை கம்ப்யூட்டருக்குக் கொடுத்துருவேன்" என்றார் முதல்வர் சிஸ்டர். அவர் கெட்டவர் இல்லை. நான்கு வருடம் பொறுத்தவர். ஆனால் அறை போனால் ஏசி போகும், ஏசி போனால் பதினாலு ஜாடியும் சாக்கடைக்குத்தான்.

கவிதாவை இணையத்தில், ஜெல்லி வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் கண்டுபிடித்தேன். சிங்கப்பூர்ப் பெண். வண்ணமீன் வளர்க்கும் ஒரு நிறுவனத்தில் ஜெல்லிப் பிரிவு அவள் பொறுப்பு. ஒரு மாதம் எழுதிக் கேட்டுக் குடைந்ததில் அவளுக்கே அலுத்துவிட்டது போல. "அக்கா, நேர்ல வாங்க, காட்டிடறேன்" என்று எழுதிவிட்டாள். சிஸ்டர் பத்து நாள் விடுப்பு கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன். விமான நிலையத்தில் தரை அவ்வளவு சுத்தம், செருப்பை எங்கே கழற்றுவது என்று ஒரு கணம் தேடினேன். டாக்சி ஓட்டிய பெரியவர் தமிழர். பெட்டியை வைத்து முடித்து, சீட் பெல்ட் போட்டதும் கேட்ட முதல் கேள்வி: "ஊர்ல எந்தப் பக்கம்மா?" தூத்துக்குடி என்றேன். அவர் அப்பா காலத்திலேயே வந்துவிட்டவர்களாம், தஞ்சாவூர்ப் பக்கமாம், அவர் போனதே இல்லையாம். ஆனாலும் பெருமையாகத்தான் சொன்னார்.

செம்பவாங்கில் என் பள்ளித் தோழி ரோஸி வீட்டில் தங்கல். அவள் கணவர் கப்பல் பட்டறையில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். பதினோராம் மாடியில் வீவக வீடு, அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு, நீண்ட நடைபாதை, வீட்டுக்கு வீடு பூந்தொட்டி. பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் ரோஸியின் கறிவேப்பிலைச் செடிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரி என் செடிக்கு ஊற்றினால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று நான் நினைத்திருப்பேன்.

புதன்கிழமை காலை கவிதாவின் நிறுவனம் இருக்கும் உட்லண்ட்ஸ் போனேன். அடுக்குமாடித் தொழிற்கூடம். லாரி மாடிக்கே ஏறிப் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். கவிதா கீழேயே காத்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், குட்டை முடி, ஒரு காதில் மட்டும் தோடு.

"வாங்க அக்கா. சாப்டீங்களா? மேல போனா சாப்பிட முடியாது, ஸ்மெல் அப்படி" என்றாள்.

கீழ்க்கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அங்கே அதற்குப் பெயர் பிராட்டா. உள்ளே வெங்காயம், முட்டை, வெளியே மொறுமொறுப்பு. தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. எங்கள் ஊர்ப் பொரித்த பரோட்டாவுக்கு நான் உயிரை விடுவேன். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டாவது பிராட்டாவையும் நான்தான் கேட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது நானும் நம் வழக்கப்படி கேட்டேன். "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"செம்பவாங் லா, அக்கா."

"அதில்ல. சொந்த ஊர்?"

"அதான் சொல்றேனே, செம்பவாங். தாத்தா டாக்யார்டுக்கு வந்தவரு. நான் அங்கதான் பொறந்தேன்." சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினாள். நான் விடாமல் இன்னொரு தரம் கேட்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஆறாம் மாடியில் அவள் கதவைத் திறந்தபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வட்டமான கண்ணாடித் தொட்டிகள். உள்ளே தண்ணீர் மெல்லச் சுழல்கிறது. மூலை இருந்தால் ஜெல்லி ஒதுங்கி அடிபட்டுவிடும் என்பதால் தொட்டியே வட்டம். அதற்குள் நிலா ஜெல்லிகள், நூறாவது இருக்கும், குடை விரித்து மடக்கி, விரித்து மடக்கிப் போய்க்கொண்டிருந்தன. நான்கு வருடம் கடுகையே பார்த்த என் கண்ணுக்கு அது கல்யாண வீடாகத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாகவும் இருந்தது.

கவிதா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க அக்கா. உங்க பாலிப்ஸ் எந்த ஊரு?"

"தூத்துக்குடிதான். எங்க லேப்ல."

"இல்லக்கா. அதுங்களுக்குச் சொந்த ஊர் எது? சென்னை அக்வேரியம் எங்கேர்ந்து வாங்குனாங்க?"

ஐரோப்பாப் பக்கம் ஏதோ குளிர்க்கடல் என்று அந்தப் பாட்டிலிலேயே எழுதியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக டாக்சிக்காரர் முதல் லிஃப்டில் வந்த அம்மாள் வரை பார்த்தவரெல்லாம் என்னிடம் ஊரைக் கேட்டார்கள். நானும் யாரையும் விட்டதில்லை. புது மாணவி ஆய்வகத்துக்குள் வந்தால் பெயருக்கு முன் ஊரைக் கேட்பவள். அந்தப் பதினாலு ஜாடியிடம் மட்டும் நான்கு வருடம் கேட்கவே இல்லை.

"குளிர் நாட்டுக்காரங்கன்னா குளிர்காலம் வேணும்" என்றாள் கவிதா. "தண்ணி ஜில்லுன்னு ஆகி, அப்படியே பல நாள் இருந்தாத்தான், ஓகே, விண்டர் வந்துருச்சு, இனி பேபி விடலாம்னு அதுக்குத் தெரியும். நீங்க வருஷம் பூரா இருபது வச்சா, அது நல்லாத் தின்னுட்டு, பக்கத்துல இன்னொண்ணு முளைச்சுக்கிட்டு, ஜாலியா உக்காந்திருக்கும். எதுக்குக் கஷ்டப்படணும்?"

நான்கு வருடம் ஒரு டிகிரி கூட மாறாமல் காத்தேன் என்று பெருமை பேசியிருந்தேன். அந்தப் பெருமைதான் தப்பு. எனக்குக் காது சுட்டது.

அவள் ஒரு சின்னக் குளிர்பெட்டியைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு, உள்ளே பன்னிரண்டு டிகிரி. நடுத்தட்டில் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு, அதில் நாற்பது பாலிப்கள். மேலே ஒட்டியிருந்த தாளில் "ஜெசிந்தா அக்கா" என்று தமிழில் எழுதியிருந்தாள். நான் வருவேன் என்று உறுதியான அன்றே அந்தத் தட்டைக் குளிரில் வைத்துவிட்டாளாம், நான் வந்து நிற்கும் நாளில் குஞ்சு வரட்டும் என்று. மூன்று வாரம் தாண்டியிருந்தது. முகம் தெரியாத ஒருத்திக்காக இப்படி நாள் கணக்குப் பார்த்து வைக்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்?

வருடம் முழுக்க ஒரே வெயிலும் ஒரே மழையுமாக இருக்கும் ஊர் அது. குளிர்காலம் என்ற ஒன்றே கிடையாது. அங்கே ஒரு பெண் பெட்டிக்குள் குளிர்காலம் செய்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை முழுக்கக் குறிப்பெடுத்தேன். ஒரேயடியாகக் குளிரில் தள்ளக் கூடாது, இரண்டிரண்டு டிகிரியாக இறக்க வேண்டும். குளிரில் இருப்பவற்றுக்கு வாரம் ஒரு தரம் தீனி போதும். அடுத்த தொட்டியில் மல்லாந்து கிடக்கும் வேறொரு ஜெல்லியைக் காட்டினாள். அது வெப்பக் கடல்காரன். அதன் பாலிப்புக்குத் தண்ணீர் சூடானால்தான் குஞ்சு. குளிரில் வைத்தால் அவ்வளவுதான்.

மத்தியானம் சிலுவை போனில் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு, "அப்ப நம்ம கடல்ல அது எப்ப வரும்னு உனக்குச் சொல்லத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். நம் கடலில் இருப்பது பல இனம், எது எந்தச் சூட்டுக்கு அசையும் என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றேன். "பாரு, அதைப் பாரு" என்று வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அன்று சாயங்காலம் மானம் போனது. உட்லண்ட்ஸ் பேருந்து நிலையத்தில் ஒரு கூட்டம் ஓடியது. கூட்டம் ஓடினால் காரணம் கேட்காமல் கூட ஓடுவது எங்கள் ஊர்ப் பேருந்து நிலையப் பழக்கம். ஓடி, ஏறி, சன்னலோர இடமும் பிடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தமிழர். "பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில வச்சுக்குங்கக்கா, இறங்குனதும் ஓடணும்" என்றார்.

"செம்பவாங்குக்கு எதுக்குப் பாஸ்போர்ட்?"

அவர் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். "அக்கா, இது ஜோகூர் போற பஸ்! நாங்கல்லாம் வேலை முடிஞ்சு மலேசியாவுக்கு வீட்டுக்குப் போறோம்!" நல்லவேளை, நடுவில் ஒரு நிறுத்தம் இருந்தது. ஓட்டுநரிடம் மலாயில் சொல்லி என்னை இறக்கிவிட்டார். பேருந்து நகரும்போது சன்னல் வழியாகக் கேட்டார், "ஊர்ல எந்தப் பக்கம்?" நாடு கடத்தப்பட இருந்தவளிடமும் அதைக் கேட்காமல் விட மனமில்லை.

வெள்ளிக்கிழமை கவிதாவுக்கு மகளின் பள்ளியில் ஏதோ கூட்டம். நான்கு மணிக்கே கிளம்பினாள். "அக்கா, நோட்ஸ் எழுதிட்டு லைட்டை மட்டும் ஆஃப் பண்ணிட்டுக் கதவைச் சாத்திடுங்க" என்றாள். சாத்தினேன். திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ரோஸி ஆங் மோ கியோவில் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்துப் போனாள். மீன் தலை, கீரை, இஞ்சி போட்ட கோழி. முதலில் வந்த ஆறின தட்டில் கண்ணாடி மாதிரி பட்டை பட்டையாக ஏதோ இருந்தது. எள்ளெண்ணெய், கொஞ்சம் காரம், கடித்தால் நறுக் நறுக்கென்றது. இரண்டு தரம் போட்டுக்கொண்டு, "இது என்னடீ, இளநீர் வழுக்கையா?" என்றேன்.

"சொறி" என்றாள் ரோஸி. பள்ளியில் என் டிபன் பாக்ஸில் பல்லி பொம்மை வைத்தவள் அவள், திருந்தவே இல்லை.

உடனே சிலுவையைக் கூப்பிட்டேன். "உங்க எதிரியைத் தின்னுட்டேன்" என்றேன். "எப்படி இருந்துச்சு?" என்றார். நன்றாக இருந்தது என்றேன். "வரும்போது அந்தக் கொழம்பு வைக்கிற விதத்தைக் கேட்டுட்டு வா. கடல்ல கெடக்கதுக்கு ஒரு வழி பொறக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த அரை மணிநேரத்தில் எனக்கு நான்கு தூத்துக்குடிக்காரர்கள், ஒரு மணப்பாட்டுக்காரர், என் பெரியம்மா மகனோடு படித்த ஒருவர் கிடைத்தார்கள். மத்தியானம் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் மீன் பார்த்தேன். வாவல் பளபளவென்று அடுக்கியிருந்தது. கடைக்காரர் தரையைக் கழுவிக் கழுவி, அங்கே மீன் விற்கும் அடையாளமே இல்லை. சிராங்கூன் சாலை முழுக்க நம் பையன்கள். வாரம் முழுக்கக் கட்டடத்திலும் பட்டறையிலும் கிடந்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில், "இங்க குளிரா? ஆமா, ரூம்ல ஏசிதான்!" என்று யாரிடமோ கதை விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது கவிதா குளிர்பெட்டி முன் குந்தி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை.

"அக்கா, ஃப்ரைடே கடைசியா போனது நீங்கதானே?"

எனக்கு உள்ளங்கால் வரை புரிந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் சாயங்காலம் அறையை விட்டு வெளியே வரும்போது சுவரில் இருக்கும் சுவிட்சுகளை வரிசையாக அணைத்துக்கொண்டே வருவது இருபது வருடப் பழக்கம். உப்புக்காற்று ஊர், எங்காவது பொறி பறக்கும் என்று பயம். பிளக்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் என் கை தானாகப் போகும். பெரிய தொட்டிகளின் சுவிட்சுகள் பூட்டிய பெட்டிக்குள் இருந்ததால் தப்பித்தன. சனி, ஞாயிறு தீனி போட வந்த ஆள், குளிரில் இருப்பதைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பன்னிரண்டு டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் இருபத்து நாலில் நின்றது. என் பெயர் எழுதிய தட்டு.

கரண்ட் போயிருக்கும் என்று வாய் வரை வந்துவிட்டது. கரண்டே போகாத அந்த ஊரில் அந்தப் பொய் செல்லாது. "நான்தாம்மா அணைச்சேன்" என்றேன். "வேணும்னு இல்ல. கை பழக்கம். மன்னிச்சிரு." அவ்வளவு பெரிய பொம்பளை, விரலைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

கவிதா அணைந்த சுவிட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் இப்படித்தான்! அக்வேரியம் பம்ப், வைஃபை, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் கோவிலுக்குப் போவாங்க. எப்படிக்கா, எல்லாருக்கும் ஒரே கை?"

தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். நான் பார்க்கவே பயந்தேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இங்க வாங்க" என்றாள். முப்பத்தொன்று பழைய மாதிரி, வெறும் வெள்ளைப் பூவாக நின்றன. ஒன்பது மட்டும் வேறு மாதிரி இருந்தன. ஆரஞ்சு நிறம் ஏறி, இடுப்பில் நூல் கட்டிய மாதிரி வளையம் வளையமாகச் சுருங்கி, இட்லித் தட்டு அடுக்கியது போல நின்றன. ஒரு வளையத்தின் ஓரம் லேசாகத் துடித்தது.

"இந்த ஒம்பதும் நீங்க அணைக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. ஆரம்பிச்சது நிக்காது. சூடு வந்தா இன்னும் சீக்கிரம் முடிச்சிடும். மத்ததுக்குக் குளிர் பத்தல, மறுபடி மொதல்லேர்ந்து வைக்கணும்" என்றாள். பிறகு சிரித்தாள். "நீங்க அணைக்கலன்னா எல்லாம் ஒண்ணா வந்திருக்கும். மூணு வாரம் பத்தாது, கூட ஒரு வாரமாவது வேணும்னு இப்பத்தான் கண்ணால பாக்குறேன். உங்க ஊர்ல முழுசா ஒரு மாசம் குடுங்க. ஓகேவா?"

அன்று மத்தியானம் அந்தச் சுவிட்சின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டினாள். "அணைக்காதீங்க அக்கா" என்று எழுதினாள். அதே மாதிரி இன்னொன்று எழுதி என் நோட்டில் ஒட்டிக் கொடுத்தாள்.

புதன்கிழமை மூன்று மணி இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி நான் இருந்தேன். மேல்தட்டு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. கால் மாட்டிக்கொண்ட பிள்ளை உதறுவது போல உதறியது. சட்டென்று அறுபட்டு, எட்டு கை விரித்த ஒரு பொடி நட்சத்திரம் தண்ணீரில் எழும்பியது. நீந்தத் தெரியாமல் தலைகீழாகச் சுற்றி, பிறகு தெரிந்துகொண்டு, மடக்கி விரித்துப் போனது. நான்கு வருடம் காத்தவள் நான். அழுதுவிட்டேன், கவிதாவின் தோளில் சாய்ந்து, சத்தமாகவே. "மைக்ராஸ்கோப் நனையுது அக்கா" என்றாள் அவள்.

உயிரோடு எதையும் கொண்டுவர முடியாது. வியாழக்கிழமை நோட்டும், ரோஸி கட்டிக் கொடுத்த நெத்திலி சம்பாலுமாக விமானம் ஏறினேன்.

ஊரில் கல்லூரி திறக்க ஆறு வாரம் இருந்தது. ஆய்வகக் குளிர்பெட்டியில் ரசாயனங்கள். அதில் உயிர் எதுவும் தாங்காது. மிச்சம் இருந்தது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ். சிலுவையிடம் கேட்க இரண்டு நாள் தைரியம் சேர்த்தேன். "சொறியை நம்ம மாவுச் சட்டிக்குப் பக்கத்துல வைக்கப் போறியா?" என்று கத்தினார். கத்திவிட்டுத் தக்காளியை அவரே வெளியே எடுத்தார். தப்பினால் எல்லாம் போய்விடக் கூடாது என்று ஒரே ஒரு ஜாடி, மற்றவை ஆய்வகத்திலேயே. ஒரு வாரம் ஐஸ் தண்ணீரில் நிறுத்தி இரண்டிரண்டு டிகிரியாக இறக்கி, ஃப்ரிட்ஜின் குளிரைக் குறைத்து வைத்து, காய்கறித் தட்டில் பன்னிரண்டில் நிறுத்தினேன். சுவிட்சில் கவிதாவின் டேப்பை ஒட்டினேன். காய்கறித் தட்டை இழுத்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிகளுக்கெல்லாம் என்னிடம் ஏச்சு கிடைத்தது.

இருபதாம் நாள் நான் கல்லூரியில் இருந்தபோது, பராமரிப்புக்காகச் சாயங்காலம் வரை மின்சாரம் இல்லை என்று அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள். ஆய்வகத்துக்கு இன்வெர்ட்டர் உண்டு, வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இல்லை. மறந்தே போயிருந்தேன். ஆட்டோ பிடித்து ஓடினேன். வெயில் கொளுத்தியது. முப்பத்தொரு வெள்ளைப் பூவும் கண்முன் வந்தன. இனி முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை.

வாசலில் ஐஸ் பெட்டி. படகில் மீனுக்கு வைப்பது. சிலுவை அதன் முன் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மூடியில் கை வைத்ததும், "ஏட்டி, திறக்காத! இப்பத்தான் சரியா நிக்குது" என்று அதட்டினார். மூடியில் ஓட்டை போட்டு என் தெர்மாமீட்டரைச் செருகியிருந்தார். ஐஸ் நேராகப் பட்டால் செத்துவிடும் என்று ஜாடியைச் சுற்றிக் கோணி, அதற்கு வெளியே பொடி ஐஸ். சூடு இறங்கினால் ஒரு கை ஐஸை வெளியே எடுக்கிறார், ஏறினால் ஒரு கை போடுகிறார். காலை ஒன்பது மணியிலிருந்து. அன்று அவர் கடலுக்குப் போகவே இல்லை.

பன்னிரண்டு காட்டியது.

கல்லூரி திறப்பதற்கு நான்கு நாள் முன்பு, காலையில் தயிர் எடுக்கப் போனவர் ஃப்ரிட்ஜ் முன்னாலேயே நின்றுவிட்டார். "ஜெசி, இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். சத்தம் போட்டால் பயந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஜாடியை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் வைத்தோம். அடியில் இட்லித் தட்டுகள். மேலே ஏழு நட்சத்திரங்கள், மடக்கி விரித்து, மடக்கி விரித்து.

சிலுவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தழும்புக் கை ஜாடியை அணைத்துப் பிடித்திருந்தது. வெகு நேரம் பார்த்தார்.

"இதுங்க எந்த ஊருட்டி?" என்றார்.

"பூர்வீகம் ஐரோப்பாப் பக்கம், ஏதோ குளிர்க்கடல். பிறந்தது நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுல."

"அப்ப தூத்துக்குடிதான்" என்றார்.